கயிற்றைப் பிடித்த அறுநூறு மீட்டர்

2024 மார்ச் 3, ஞாயிற்றுக்கிழமை, காலை 5.40. கந்தப்பளையில் குளிர் ஒன்பது பாகை. மழை இல்லை, காற்று இல்லை. மூட்டம் மட்டும் தெருவிளக்குகளின் உயரத்துக்கு இறங்கியிருந்தது. ஏழு விளக்குகளில் நான்கு எரிந்தன. எனக்கு அன்று வயது அறுபத்தாறும் நான்கு மாதமும். என் சைக்கிளுக்கு இருபத்தொரு கியர். அவற்றில் பதினேழு வேலை செய்யும்.

பன்னிரண்டு நாட்களில், அதாவது மார்ச் 15 வெள்ளிக்கிழமைக்குள், நான் ஒரு முடிவு எடுத்தாக வேண்டியிருந்தது. கண்டியில் தொடங்கி கண்டியிலேயே முடியும் ஒரு நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டத்துக்குப் பெயர் கொடுப்பதா வேண்டாமா என்பது அது. இருநூறு கிலோமீட்டர், பதின்மூன்றரை மணி நேரம். போட்டி அல்ல; முதலில் வந்தாலும் கடைசியில் வந்தாலும் ஒன்றுதான். ஆனால் எவர் உதவியும் இல்லாமல் வர வேண்டும். பின்னால் வாகனம் வரக்கூடாது. டியூப் வெடித்தால் நீங்களே மாற்ற வேண்டும். பசித்தால் வழியில் கடையில் வாங்கிச் சாப்பிடலாம். வீட்டிலிருந்து யாரும் சோறு கொண்டுவந்து நிற்கக்கூடாது. குறித்த இடங்களில் ஓர் அட்டையில் நேரம் எழுதி முத்திரை வாங்க வேண்டும். இந்த விதிகள் நுவரெலியாவில் நான் சைக்கிளைத் திருத்தக் கொடுக்கும் கடையின் சுவரில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒட்டியிருந்தன. மொத்தம் பதினான்கு. மூன்று தடவை வாசித்தேன். ஒன்பதாவது விதி, ஓடும் வாகனத்தைப் பிடிப்பவர் நீக்கப்படுவார் என்றது. அதை வாசித்தபோது, இதையெல்லாமா எழுதி வைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

வீட்டில் சொன்னபோது மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஏங்க, கண்டிக்குப் போக பஸ் இல்லையா?"

"கண்டிக்கு பஸ்லதான் போறேன். அங்கேருந்துதான் சைக்கிள்."

"போயி?"

"இருநூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு மறுபடி கண்டிக்கே வரணும்."

"அப்ப எங்கயும் போகல."

களைந்த அரிசியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

எனக்கு இருந்த பயம் ஏற்றத்தைப் பற்றியது அல்ல. மலையில் பிறந்தவனுக்கு ஏற்றம் தெரியும். வழியில் எங்கோ உட்கார்ந்துவிட்டு, கைத்தொலைபேசியை எடுத்து வீட்டுக்கு அழைத்து, பக்கத்து வீட்டு வேன்காரரை எழுப்பி, நாலு பேருக்குத் தொல்லையாகிவிடுவேனோ என்பதுதான் பயம். ஆகவே முதலில் என்னை நானே சோதிப்பது என்று தீர்மானித்தேன். கந்தப்பளையிலிருந்து நுவரெலியா, அங்கிருந்து கண்டி வீதியில் இறங்கி இறம்பொடை, பிறகு அதே வழியில் ஏறி வீடு. என் சைக்கிள் மீட்டர்படி போக நாற்பத்தொன்று, வர நாற்பத்தொன்று, மொத்தம் எண்பத்திரண்டு கிலோமீட்டர். இருநூறுக்குப் பதின்மூன்றரை மணி என்றால் எண்பத்திரண்டுக்கு ஐந்து மணி முப்பத்திரண்டு நிமிடம். 5.40க்குப் புறப்பட்டால் 11.12க்குள் திரும்ப வேண்டும். திரும்பினால் பெயர் கொடுப்பது, இல்லாவிட்டால் இல்லை. அதில் குழப்பத்துக்கு இடம் வைக்கவில்லை.

ஒரு அட்டையும் செய்தேன். பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தை வெட்டி, நான்கு கட்டங்கள் கீறி, புறப்பட்ட நேரம், இறம்பொடை, திரும்பிய நேரம், முடிவு என்று எழுதினேன். புறப்படும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் நானே எழுதினால் சோதனை ஆகாது. கந்தப்பளை டவுனில் அந்த நேரத்தில் திறந்திருப்பது ஒரே ஒரு தேத்தண்ணிக் கடை. அதை நடத்தும் அம்மா என்னைவிட ஐந்தோ ஆறோ வயது இளையவர். நான் முப்பத்தொரு வருடம் தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் செக்ரோல் எழுதினேன். அவர் அதே தோட்டத்தில் இருபத்தாறு வருடம் கொழுந்து எடுத்தார். அந்தக் காலத்தில் நான் அவரை 'நீ' என்றேன். இப்போது அவர் கடைக்காரர், நான் வாடிக்கைக்காரன், 'நீங்க' என்கிறேன். எந்த நாளில் மாறியது என்று மட்டும் குறித்து வைக்கவில்லை.

செக்ரோல் என்பது ஒரு பெரிய புத்தகம். அன்றன்று வேலைக்கு வந்தவர்களின் பெயருக்கு நேரே அதில் குறிப்பது என் வேலை. சொன்ன அளவுக்குக் கொழுந்து எடுத்தவருக்கு முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப் பேர். பதினெட்டு கிலோ என்றால் பதினெட்டு. அதை அவருக்கு விளக்கத் தேவையில்லை.

"ஐயா, இந்தக் குளிர்ல சைக்கிள்லயா எறம்பொடைக்கு? அம்மா அடிச்சு வெரட்டிட்டாங்களா?"

"நேரத்த எழுதுங்க. அஞ்சு நாப்பது."

அவர் பேனாவை வாங்கி, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். "நம்ம கடிகாரத்துல அஞ்சு நாப்பத்தொண்ணு."

"உங்க கடிகாரம் ஒரு நிமிசம் கூட."

"வரும்போதும் அது கூடத்தாங்க இருக்கும்," என்று சிரித்து, நான் சொன்னபடியே எழுதினார்.

பையில் பதினோரு சாமான்கள்: டியூப் இரண்டு, ஒட்டுப்பெட்டி ஒன்று, கைப்பம்பு, சாவிக்கொத்து, மழைச்சட்டை, ரொட்டி மூன்று சுருளாக, இன்னும் சில. எல்லாம் சேர்த்து நான்கு கிலோ முந்நூறு. அதில் ஒரு அம்புலன்சையும் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் மனைவி.

இறக்கம் எனக்குப் பிடிக்காது. விரல்கள் பிரேக்கில் விறைத்துவிடும். நுவரெலியாவைத் தாண்டிய மேட்டிலிருந்து இறம்பொடை வரை நூற்றுப் பதினேழு வளைவுகளை எண்ணினேன், இரண்டில் சந்தேகம். நீர்வீழ்ச்சிச் சத்தம் வந்ததும் நிறுத்தி, கழுத்தில் விரல் வைத்து நாடி பார்த்தேன். நிமிடத்துக்கு நூற்று நான்கு. மேலே அனுமார் கோயிலில் மணி அடித்தார்கள். நேரம் 7.51. கடையில் பிளேன்டீயும் இரண்டு பருப்பு வடையும் சாப்பிட்டு, கடைக்காரரிடம் அட்டையைக் கொடுத்து நேரம் எழுதச் சொன்னேன். அவர் என்னை எந்த இலாகாவிலிருந்து வந்தவன் என்று நினைத்தாரோ, கையெழுத்தும் போட்டு, கடையின் இறப்பர் முத்திரையையும் தேடி எடுத்துக் குத்தினார். 8.04க்கு ஏறத் தொடங்கினேன்.

ஏற்றத்தில் நான் மிதிகளை எண்ணுவேன். நூறு எண்ணி, மீண்டும் ஒன்றிலிருந்து. நாடி நூற்று நாற்பதைத் தாண்டினால் நிறுத்துவது என்று விதி. இரண்டு தடவை நிறுத்தினேன். மீட்டரில் 57.5 காட்டியபோது, பின்னால் ஒரு லொறி முனகிக்கொண்டு வந்தது. லீக்ஸும் கரட்டும் இறக்கிவிட்டுத் திரும்பும் காலி லொறி. முதல் கியரில், ஆள் ஓடும் வேகத்தில் என்னைத் தாண்டிற்று. பின்பலகையில் ஒரு நைலோன் கயிறு தொங்கியது.

இதைப் புரிந்துகொள்ள, நாற்பத்தைந்து வருடத்துக்கு முந்திய ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். அப்போது நாங்கள் நாலைந்து பேர் ஹட்டன் பக்கம் வேலை பார்த்தோம். விடுமுறைக்குச் சைக்கிளில் வீட்டுக்கு வருவோம். எல்லாம் ஒற்றைக் கியர் சைக்கிள்கள். அவற்றில் மேடு ஏறுவது என்றால் லொறி பிடிப்பது. அதில் வெட்கமோ ஒளிவோ இல்லை. வளைவில் லொறி மெதுவாகும்போது இடக்கையால் பின்கயிற்றைப் பற்றி, பலகையில் இரண்டு தட்டுத் தட்டுவோம். பிடித்துவிட்டேன் என்று பொருள். டிரைவர் அதற்கேற்ப ஓட்டுவார். விடும்போது ஒரு தட்டு. அப்படி ஏறாதவனை நாங்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தோம்.

அன்று நான் எதையும் தீர்மானிக்கவில்லை. அறுபத்துமூன்று, அறுபத்துநான்கு என்று மிதிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை எங்கோ நின்றது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. உடம்புக்கு ஒரு சுகம் வந்தது, மூச்சு சீரானது, தேயிலை மலை பக்கத்தில் தானாக நகர்ந்தது. அப்போது டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டிச் சிங்களத்தில் கத்தினார்:

"சீயே! ததட்ட அல்லகன்ன!"

தாத்தா, இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள் என்கிறார். யாரைச் சொல்கிறார் என்று பார்த்தேன். என் இடக்கை கயிற்றில் இருந்தது. பலகையில் இரண்டு தட்டுத் தட்டியதும் நான்தான்; இல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

ஒரு தட்டுத் தட்டி விட்டுவிட்டேன். மீட்டர் 58.1. அறுநூறு மீட்டர்.

மீதி வழியெல்லாம் கணக்கு. லொறியின் வேகம் பதினைந்து என்று வைத்தால் அறுநூறு மீட்டருக்கு இரண்டு நிமிடம் இருபத்துநான்கு விநாடி. நான் எட்டில் ஏறியிருந்தால் நான்கரை நிமிடம். ஆதாயம் இரண்டு நிமிடம் ஆறு விநாடி. 11.12க்கு முன்னால் அதைவிடக் கூடுதலாக மிச்சம் பிடித்துவிட்டால், லொறி இல்லாமலும் நான் தேறியவன்தான் என்று ஆகும். நுவரெலியாவைத் தாண்டி வீடுவரை என் முழங்கால் அனுமதித்ததைவிடக் கூடவே மிதித்தேன். கடை வாசலில் இறங்கியபோது 11.09. மூன்று நிமிடம் மிச்சம். கழித்தாலும் ஐம்பத்துநான்கு விநாடி மிச்சம்.

கடைக்கார அம்மா அட்டையை வாங்கி நேரத்தை எழுதினார். கடையில் இரண்டு பேர் பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பதினொண்ணு பன்னெண்டுக்குள்ள வரணும்னீங்க. மூணு நிமிசம் மிச்சம். முழுப் பேரு போட்டுறவாங்கய்யா?"

பேனா கடைசிக் கட்டத்தின் மேல் நின்றது. நான் கயிற்றைப் பிடித்ததை இங்கே யாரும் பார்க்கவில்லை. அந்த டிரைவர் இந்நேரம் எங்கேயோ.

"பொறுங்க. வழியில ஒரு லொறியப் புடிச்சேன்."

"புடிச்சு? பொலிஸ்ல குடுத்தீங்களா?"

"கயித்தப் புடிச்சுக்கிட்டு ஏறினேங்க. அறுநூறு மீட்டர்."

பாண் சாப்பிட்டவர்களில் ஒருவருக்குப் புரையேறியது. அம்மாவும் சிரித்தார். "எம்பது கிலோமீட்டர்ல அறுநூறு மீட்டருங்களா? அது ஒரு கைப்பிடிக் கொழுந்து."

"எண்பத்திரண்டு," என்றேன். பிறகு என் கணக்கைச் சொன்னேன். இரண்டு நிமிடம் ஆறு விநாடியைக் கழித்தாலும் நேரத்துக்குள்தான் என்றேன்.

அவர் கேட்டுக்கொண்டே கிளாஸ் கழுவினார். "கொழுந்து நெறுக்கும்போது தண்ணிக்குன்னு ரெண்டு கிலோ கழிப்பாங்களே, அந்த மாதிரிங்க. நேரத்துக்குக் கழிச்சிட்டீங்க. மூச்சுக்கு எவ்வளவு கழிச்சீங்க?"

கயிற்றைப் பிடித்த அந்த இரண்டு நிமிடத்தில் நெஞ்சு இளைப்பாறியதை எந்த எண்ணால் எழுதுவது? அதற்கப்புறம் ஏறிய தூரமெல்லாம் அந்த இளைப்பாறலில் ஏறியது.

"ஒரு நாளு எனக்கு நானூறு கிராம் கொறைஞ்சிச்சு. ஐயாவுக்கு ஞாபகம் இருக்குங்களா?"

இல்லை. எனக்கு நினைவில்லை. எண்ணிக்கை மறக்காதவன் என்று என்னைப் பற்றி நானே சொல்லிக்கொள்வேன். முப்பத்தொரு வருடத்தில் எழுதிய அரைப் பேர்களில் ஒன்றின் முகம்கூட எனக்கு நினைவில்லை.

"பதினேழு அறுநூறு. மூத்தவனுக்குக் காச்சல். பிள்ளக் காம்பராவுக்கு ரெண்டு தடவ எறங்கிப் போயி பால் குடுத்துட்டு மலைக்கு ஏறினேன். அந்தியில ஆபீஸ் ஜன்னலுக்கு வந்து கேட்டேன், நாளைக்கு இருவது எடுத்துத் தாறேன், இன்னைக்கு முழுசாப் போடுங்கய்யான்னு. என்ன சொன்னீங்கன்னு தெரியுமா?"

அது தெரியும். எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னேன். "ஒரு நாள் கொழுந்த இன்னொரு நாள் சாக்குல போட முடியாது."

"அதேதாங்க." கோபமாகச் சொல்லவில்லை, நான் மறக்காமல் சொன்னதில் அவருக்கு ஒரு திருப்தி போலிருந்தது. "அதனால அடுத்த கெழம பஸ்ல போயி எறங்கி, அந்த அறுநூறு மீட்டர மட்டும் ஓட்டிட்டு வந்து நிக்காதீங்க."

அதைத்தான் செய்ய நினைத்திருந்தேன். சைக்கிளை ஏற்றும் பஸ் எத்தனை மணிக்கு என்றுகூட வரும் வழியில் யோசித்துவிட்டேன்.

அவர் கடைசிக் கட்டத்தில் 'அரை' என்று எழுதினார். நிதானமான, பெரிய எழுத்து. அட்டையை என்னிடம் தந்துவிட்டு, சீனி எத்தனை கரண்டி என்று கேட்டார்.

அந்த வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை என்று மனைவி சொல்கிறார். இரவில் இடக்கை மட்டும் விழித்திருந்தது போல இருந்தது. என்னை வருத்தியது தோற்றது அல்ல. எண்பத்திரண்டு கிலோமீட்டரிலேயே தெரியாமல் நீளும் கை, இருநூறில் எத்தனை தடவை நீளும்? கண்டி வீதி முழுக்க லொறிகள். கால் பலவீனம் என்றால் பயிற்சி செய்யலாம். நெஞ்சு என்றால் வைத்தியரிடம் போகலாம். இந்தக் கைக்கு எங்கே போவது?

மார்ச் 10, மறு ஞாயிற்றுக்கிழமை. மறுபடியும் 5.40. இந்த முறை தூறல், பதினொரு பாகை. முழுத் தூரமும், முதலிலிருந்து. ஈரத்தில் பிரேக் பிடிக்காததால் இறக்கத்தில் ஊர்ந்தேன். இறம்பொடையில் முத்திரை வாங்கும்போதே ஆறு நிமிடம் பின்தங்கிவிட்டேன். வளைவுகள் நூற்றுப் பதினெட்டு. ஏற்றத்தில் மூன்று லொறிகள் என்னைத் தாண்டின. முதல் இரண்டும் வேகமாகப் போயின. மூன்றாவது, அதே மேட்டுக்குச் சற்று மேலே, அதே மெதுவான வேகத்தில் வந்தது. இதற்குக் கயிறு இல்லை; பலகையின் சங்கிலி தொங்கியது. என் இடக்கை பிரேக்கிலிருந்து எழுந்தது. இம்முறை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சாண் எழுந்தது. அவ்வளவு தூரம் விட்டேன். பிறகு இறங்கி, சைக்கிளை வீதியோரக் கானருகில் நிறுத்தி, இரண்டு கையாலும் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு, லொறி அடுத்த வளைவில் மறையும்வரை நின்றேன். எழுபத்துமூன்று எண்ணினேன்.

கடைக்கு வந்தபோது 11.21.

அம்மா அட்டையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், அதில் ஒரு நிமிடம் கழித்தார். "ஒம்பது நிமிசம் கூட. லொறி?"

"இல்ல."

"வேன், ஓட்டோ?"

"ஒண்ணும் இல்லீங்க. நானேதான்."

"அப்பவும் அரைதாங்க," என்றார்.

"அரைதான்," என்றேன். எனக்கு அது வலிக்கவில்லை என்பதை நானே சற்றுத் தாமதமாகத்தான் கவனித்தேன். அவர் எழுதிக்கொண்டிருக்கையில் கேட்டேன்: "அன்னைக்கு நான் அரைப் பேரு போட்டேனே, மறுநாள் பெரட்டுக்கு வந்தீங்களா?"

காலையில் ஆள் எண்ணிப் பிரிக்கும் பெரட்டுக்குத் தவறாமல் வந்தவரிடம் அப்படிக் கேட்டது மடத்தனம். அவர் என்னைச் சின்னப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"வராம? எனக்கு அரைப் பேரு போட்டுட்டாங்கன்னு கொழுந்து முத்தாம நிக்குமாங்க?"

வீட்டுக்கு வந்து விதிகளை நாலாவது தடவை வாசித்தேன்; கடைச் சுவரில் இருந்ததைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தேன். வாகனத்தைப் பிடிப்பவர் நீக்கப்படுவார். நேரம் தாண்டி வருபவரின் அட்டையில் கடைசி முத்திரை இருக்காது. இரண்டும் வேறு வேறு விதிகள், ஒன்பதும் பதின்மூன்றும். இத்தனை நாளும் பதின்மூன்றுக்குப் பயந்து கணக்குப் போட்டேன்; ஒன்பதை வாசித்துச் சிரித்தேன். எண்பத்திரண்டுக்கு ஒன்பது நிமிடம் என்றால் இருநூறுக்கு இருபத்திரண்டு நிமிடம் தாமதமாவேன். கண்டி வழி இதைவிடச் சமதளம் என்கிறார்கள். அதற்கு எவ்வளவு கழிப்பது என்று எனக்குத் தெரியாது. முத்திரை இல்லாத அட்டையோடு என்னால் வீட்டுக்கு வர முடியும். லொறியைப் பிடித்து வாங்கிய முத்திரையோடு வர முடியாது. தயாரா என்ற கேள்விக்கு என்னிடம் இருந்த பதில் அவ்வளவுதான்.

11.12 தாண்டினால் பெயர் கொடுப்பதில்லை என்று எழுதி வைத்தவனும் நான்தான். அந்த விதியை நான் மீறுகிறேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். வாழ்க்கையில் நானே போட்ட விதியை மீறியது இது எத்தனையாவது தடவை என்று யோசித்தேன். முதலாவது அந்தக் கயிறு; இது இரண்டாவது.

வியாழக்கிழமை பின்னேரம் மனைவியிடம் சொன்னேன்.

"நேரத்துக்கு வர மாட்டீங்கன்னு நீங்களே சொல்றீங்க. பிறகு எதுக்குப் போறீங்க?"

"வர மாட்டேன்னு தெரிஞ்சும் நான் லொறியப் புடிக்க மாட்டேன். அதுக்குத்தான்."

அவர் கொஞ்ச நேரம் என் இடக்கையைப் பார்த்தார். "நீங்க தயாருதாங்க. நேரத்துக்கு வராம, மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு ஆறு மாசம் இந்த வீட்டுக்குள்ள நடப்பீங்களே, அதுக்கு நா தயாரான்னு யாரு கேட்டா?"

"தயாரா?"

"மூணு மாசம்னா பார்க்கலாம்," என்றார்.

மார்ச் 14, வியாழக்கிழமை, மாலை 4.15, தெளிந்த வானம், பதினெட்டு பாகை: படிவத்தை அனுப்பினேன். அவசரத்துக்கு யாரை அழைப்பது என்ற இடத்தில் மனைவியின் இலக்கத்தை எழுதி, அவருக்குக் காட்டினேன். உதவி எதுவும் தேவையா என்ற இடத்தில் இல்லை என்று எழுதினேன். பிறகு உட்கார்ந்து கூட்டினேன். பின்டயர் 4,800. டியூப் இரண்டு 1,900. ஈரத்தில் தேய்ந்த பிரேக் கட்டைகள் 1,400. முன்விளக்கு 3,250. பதிவுக் கட்டணம் 3,500; அதை அனுப்பியதற்கு வங்கி எடுத்தது 50. இரண்டு ஞாயிறுகளிலும் தேத்தண்ணி, வடை 740; அட்டையில் எழுதியதற்கு அந்த அம்மா எதுவும் வாங்கவில்லை. மொத்தம் பதினையாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய்.